குமரன் காருக்குப் புது ஃபில்டர்

9-7-85, செவ்வாய்

விடியற்காலை பிடித்த மழை பத்து மணிக்குத்தான் விட்டது. அப்புறம் ஒரே புழுக்கம். முதுகு வலி, இடது பக்கம். தைலம் தீர்ந்துவிட்டது.

மத்தியானம் பட்டறை வாசலில் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். இறங்கியவன் குமரன். என் மகள் ரெஜினா கட்டிக்கொள்ளப்போகும் அதே குமரன். சிங்கப்பூரில் வேறு மெக்கானிக்கே இல்லையா? கையில் அட்டைப்பெட்டி. உள்ளே கூம்பு மாதிரி ஏர் ஃபில்டர், ஸ்பாஞ்சு வகை. கம்பெனி வைத்த ஃபில்டர் பெட்டியைக் கழற்றிவிட்டு இதை மாட்ட வேண்டுமாம். இஞ்சின் தாராளமாக மூச்சு விடுமாம்.

"வேற யார்கிட்டயும் குடுக்க மனசு வரலை அங்கிள்" என்றான். முடியாது என்று வாய்வரை வந்தது. சாவியை வாங்கிக்கொண்டேன். மறுக்கவும் தெம்பு வேண்டும்.

ரெஜி என்னோடு பேசி மூன்று வாரம். குமரன் ஞானஸ்நானம் வாங்காமல் கல்யாணம் என்றால் நான் வரமாட்டேன் என்று சொன்ன நாளிலிருந்து. 19-ஆம் தேதி வெள்ளி, பதிவுத் திருமணம். அதுவும் என் மனைவி லூர்து சொல்லித்தான் தெரியும். பெற்ற அப்பனுக்கு!

10, புதன்

பழைய பெட்டியைக் கழற்ற அரை மணி. துருப்பிடித்த ஒரு போல்ட் உயிரை வாங்கியது. இஞ்சின் சூடு ஃபில்டர் பக்கம் வராமல் நடுவே அலுமினியத் தகடு வெட்டி வைத்தேன். சூடான காற்றை இழுத்தால் இத்தனை பாடும் வீண். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அதெல்லாம் கவலையில்லை, சத்தம் வந்தால் போதும்.

லூர்து தேக்கா மார்க்கெட்டுக்கு வந்தவள் அப்படியே சாப்பாடு கொண்டுவந்தாள். ரசம், நெத்திலி சம்பால். அவளைக் கார் பக்கத்தில் ஸ்டூலில் உட்காரவைத்துவிட்டுக் குழாய்க்குக் கிளிப் வாங்கப் போனேன். திரும்பி வந்தால் ஆள் இல்லை. பஸ்ஸுக்கு நேரமாகியிருக்கும்.

சாயங்காலம் ஸ்டார்ட் செய்தேன். உறுமல் நன்றாகத்தான் இருக்கிறது. ஒப்புக்கொள்ளப் பிடிக்கவில்லை.

குமரன் வந்து எடுத்துப்போனான். இன்ஸ்பெக்‌ஷனுக்குப் பழைய பெட்டியை மாட்டிக்கொண்டு போ, இதைப் பார்த்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்றேன். தலையாட்டிவிட்டு நின்றுகொண்டே இருந்தான், என்னவோ சொல்ல வந்தவன் போல. நான் கை கழுவப் போய்விட்டேன்.

11, வியாழன்

தைலம் வாங்கினேன். வீட்டில் மூன்று பேர், டிவி மட்டும் பேசுகிறது. அலுப்பு.

13, சனி

கார் திரும்பி வந்துவிட்டது. திணறல், கரும்புகை. முப்பது வருஷத்தில் என் கைபட்ட வண்டி இப்படி வந்ததில்லை. வேண்டுமென்றே ஏதோ செய்துவிட்டேன் என்று நினைப்பானோ? ரெஜி நினைப்பாளோ?

கழற்றினால் ஃபில்டர் முழுக்க சாம்பல் நிறக் களிம்பு, தோசை மாவுப் பதத்தில். காற்று எப்படிப் போகும்?

என்னடா செய்தாய் என்றேன். மென்று முழுங்கினான். நேற்று சிராங்கூன் ரோட்டுக் கோயில் வாசலில் வண்டிக்குப் பூஜை போட்டார்களாம். எலுமிச்சம்பழத்தில் ஏற்ற இஞ்சினை ஓடவிட்டிருக்கிறான். புதுசாக மாட்டியதற்கும் இருக்கட்டும் என்று அவன் அம்மா பானெட்டைத் திறக்கச் சொல்லி, கை நிறையத் திருநீறை அள்ளி ஃபில்டர் மேலேயே போட்டுவிட்டார்.

"அம்மாவுக்குப் பயம் அங்கிள். ரெஜியும் இதுலதானே வரப்போறா."

சரி, திருநீறு தூள்தானே. தட்டினால் உதிர வேண்டும். இது ஏன் இப்படி ஒட்டுகிறது? நான் எண்ணெய் எதுவும் விடவில்லை. முகர்ந்து பார்த்தேன். தேங்காய் எண்ணெய், கூடவே மெழுகுவர்த்தி வாசனை. எங்கள் வீட்டில் காய்ச்சல் வந்தால் நெற்றியில் பூசும் வேளாங்கண்ணி மாதா எண்ணெய். அந்தக் குப்பி லூர்துவின் கைப்பையை விட்டு இறங்காது.

வீட்டில் லூர்துவைக் கேட்டேன். வெங்காயத்தை நறுக்கிக்கொண்டே சொன்னாள்: "ஒரு சொட்டுதான் விடப் பார்த்தேன். கை தவறிப் பாதிக் குப்பி கொட்டிருச்சு. நம்ம புள்ள ஏறப்போற வண்டிங்க."

என்னிடம் ஏன் சொல்லவில்லை?

"சொன்னா விட்டிருப்பீங்களா?"

அறைக்குள்ளிருந்து ரெஜி சிரிப்பது கேட்டது. அடக்க முடியாமல், இருமுகிற மாதிரி. எனக்கும் வந்தது. காட்டிக்கொள்ளவில்லை.

14, ஞாயிறு

பூசையில் ஃபாதர் என்ன பிரசங்கம் வைத்தார் என்று தெரியாது. மனம் அங்கே இல்லை.

ஃபில்டரை நேற்றே சோப்புத் தண்ணீரில் நான்கு தடவை அலசி, சட்டைகளோடு ஜன்னலுக்கு வெளியே மூங்கில் கழியில் காயப்போட்டிருந்தேன். எங்கள் ஆங் மோ கியோ பேட்டை முழுக்கப் பார்த்திருக்கும். மத்தியானம் குமரன் காரைக் கொண்டுவந்ததும் கீழே கார்பார்க்கில் வைத்து மாட்டினேன். ரெஜியும் இறங்கி வந்தாள். குமரனும் அவளும் பக்கத்தில் நின்று பார்த்தார்கள்.

போல்ட்டை முறுக்கும்போது தோன்றியது. இரண்டு அம்மாக்களும் அவரவருக்குத் தெரிந்ததை இதன் மேல் கொட்டிவிட்டார்கள். நான் ஒருத்தன்தான் வெறும் ஸ்பேனரோடு நிற்கிறேன். வெட்கமாக இருந்தது. சண்டை பிடிக்கவும் இனி முடியாது.

கார் ஒழுங்காக உறுமியது. பானெட்டை மூடினேன்.

"அப்பா, வெள்ளிக்கிழமை ரெண்டு சாட்சி வேணும்" என்றாள் ரெஜி. தரையைப் பார்த்துக்கொண்டு. "ஒண்ணு அம்மா. இன்னொண்ணு இன்னும் யாருன்னு எழுதலை."

எத்தனை மணிக்கு என்று கேட்டேன்.

வெள்ளி, பத்தரை. பட்டறையைப் பூட்ட வேண்டும். ஐ.சி. அடையாளக் கார்டு மறக்கக் கூடாது. வெள்ளைச் சட்டை. நகத்து கிரீஸ் போகிறதா பார்க்க வேண்டும்.