அக்கரைக்குப் போன பதினொரு 'சார்'

மார்ச் 4

இன்றும் அளவீடு பகல் பன்னிரண்டுக்கு. இந்தக் கரையில் ஆலை வரப்போகிறது. அதன் சங்கு ஏரிக்கு அக்கரையில் கேட்குமா என்று பார்க்க வேண்டும். ஊதினேன். இரண்டு கிலோமீட்டர் தண்ணீருக்கு அப்பால் வைத்த மைக்கில் ஒன்றும் பதியவில்லை. எப்படிப் பதியும்? வெயிலில் ஒலி மேலே வளைந்து போய்விடும். விடியற்காலையில்தான் குளிர்ந்த தண்ணீரை ஒட்டியே ஓடும். இயக்குநருக்கும் தெரியும். "ஆபீஸ் பத்து மணிக்குத்தானேய்யா தொறக்குது," என்கிறார்.

மார்ச் 6

அக்கரையிலிருந்து அக்கா போன். அத்தான் இரவுக் காவலாளி, விடிந்துதான் படுப்பார். ஆறு மணிக்குச் சங்கு ஊதினால் மனுஷன் எப்போது தூங்குவது? "அறிக்கைல நீதானே கையெழுத்துப் போடணும்? யோசிச்சுப் போடு." யோசிக்கிறேன் என்றேன். போட்டுக்கொண்டே யோசிக்கலாம்.

மார்ச் 9

காற்றே இல்லாத காலை. இயக்குநர் படகுத்துறையில் நடைபயில வருவார். பதவி உயர்வு பற்றி ஞாபகப்படுத்த நானும் சேர்ந்துகொண்டேன். ஒலியியல் துறைக்கே தலைவர், ஆனால் அவருக்குக் காது மந்தம். கத்தித்தான் பேச வேண்டும். நடை முடியும்வரை கத்தினேன். "கையெழுத்து நாளைக்கே போட்டுடறேன் சார். எங்க அக்கா கெடக்கா சார், எதுக்கெடுத்தாலும் குறை சொல்லுவா."

ஆறரைக்கு அக்கா போன். துணி துவைக்கக் கரைக்கு வந்திருந்தாளாம்.

"நான் கெடக்கேனா? எத்தனை சார் போட்டே தெரியுமா? பதினொண்ணு."

வைத்துவிட்டாள்.

மானமே போச்சு. அதைவிடக் கேவலம் — எனக்கு முதல்ல என்ன தோணிச்சு? ரெண்டு கிலோமீட்டர், அதுவும் வெறும் மனுஷக் குரல்!

மார்ச் 10

கையெழுத்துப் போட்டேன். அதற்கு முன் ஒரு வரி சேர்த்தேன்: காலை 5.58. ஒலி: அளவீட்டாளரின் குரல். அக்கரையில் கேட்டது: பேசிய வாக்கியங்கள், முழுமையாக. 'சார்' பதினொன்றும் தெளிவு.

மார்ச் 11

இயக்குநர் இரண்டு முறை படித்தார். "நான் பேசினது எதுவும் இதுல இல்லையே?"

"நீங்க தலையைத்தான் ஆட்டினீங்க சார்."

நிம்மதியாக மூச்சு விட்டார். பிறகுதான் கோபப்பட்டார்.

ஏப்ரல் 2

பதவி உயர்வு இல்லை. அக்கரை நிலையத்துக்கு மாற்றல். அக்கா வீட்டில்தான் தங்கியிருக்கிறேன். சோறு போடுகிறாள், பேசுவதில்லை. ஆலைக்காரர்கள் மறு அளவீடு கேட்டிருக்கிறார்கள். என் இடத்துக்குப் புது ஆள்.

ஏப்ரல் 9

காற்றில்லை. அக்கா துவைத்துக்கொண்டிருந்தாள், சற்றுத் தள்ளி நான் மைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தேன். தண்ணீர்மேல் ஒரு குரல் வந்தது. "பன்னெண்டு மணிக்கே வச்சுக்கலாம் சார். கையெழுத்து ரெடி சார்."

அக்கா துவைப்பதை அப்படியே நிறுத்தினாள்.

"ரெண்டு," என்றாள்.

ஒரு மாதத்தில் என்னிடம் அவள் சொன்ன முதல் சொல். 5.51 என்று குறித்துக்கொண்டேன்.