நான் படிக்காமல் விட்ட தாள்

அன்புள்ள பெரியவனுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லாருக்கும் உடம்பு சுகம், உனக்கும் அப்படியே இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் நினைப்பு. உடம்பைத் தவிர வேறெதுவும் சரியில்லையப்பா. போனில் சொன்னால் என் குரல் காட்டிக்கொடுத்துவிடும், அதனால் சின்னவள் நூலகம் போயிருக்கிற நேரம் பார்த்து எழுதுகிறேன். அவள் பள்ளிப் படிப்பு முடிய இன்னும் மூன்று வாரம். சான்றிதழ் கிடைக்குமா என்று தெரியவில்லை. வகுப்பில் முதல் ஐந்து பேரில் ஒருத்திக்கா என்று நீ கேட்பாய், நானும் பள்ளி ஆலோசகர் அம்மாவிடம் அதைத்தான் கேட்டேன்.

பள்ளியில் இரண்டு தாள் தந்திருந்தார்கள். ஒன்றில் சான்றிதழுக்கு எந்தப் பாடத்தில் எத்தனை பாட அலகு முடிக்க வேண்டும் என்று இருந்தது. மற்றதில் சிறப்புத் தகுதிக்கு என்ன சராசரி, எத்தனை உயர்நிலைப் பாடம், எத்தனை மணி நேரச் சேவை என்று இருந்தது. நான் அந்தச் சிறப்புத் தாளை ஃபிரிட்ஜில் ஒட்டி வாராவாரம் டிக் போட்டேன், பள்ளி விழா மேடையில் சிறப்புத் தகுதிக்கான தங்கப் பட்டை போட்டு நிற்பாள் என்று பஸ் டிப்போவில் ஒருத்தரையும் விடாமல் பீற்றிக்கொண்டேன். சிறப்பே கிடைக்கிறவளுக்குச் சாதாரணச் சான்றிதழ் தானாக வராதா என்று மற்றத் தாளை அலமாரியில் போட்டதோடு சரி. மூன்று வருடம் முன்பு அவளுக்கு மூச்சிரைப்பு வந்தபோது டாக்டர் கடிதம் கொடுத்து உடற்கல்வியிலிருந்து விலக்கு வாங்கினேனே, அந்த விலக்குக்கு ஓட வேண்டாம் என்று மட்டும்தான் அர்த்தமாம். பதிலுக்கு உடல்நலப் பாடத்தை எழுதி அரை அலகை நிரப்ப வேண்டுமாம். அலமாரியில் போட்ட தாளின் அடியில் பளிச்சென்று போட்டிருக்கிறது. நடுவில் பள்ளியிலிருந்து நினைவூட்டி ஒரு கடிதமும் வந்தது, டாக்டர் கடிதம்தான் கொடுத்தாயிற்றே என்று அதையும் ஓரம் கட்டினேன், மடையன். விலக்கு வாங்கினபோதே அவள், பதிலுக்கு ஏதாச்சும் எழுதணுமாப்பா என்று கேட்டாள். அதெல்லாம் அப்பா பாத்துக்கிட்டேன், நீ கணக்கைப் படி என்று விரட்டினேன்.

இப்போது மூன்று வாரத்தில் அந்த உடல்நலப் பாடத்தின் பன்னிரண்டு பகுதியும் ஒரு பரீட்சையும் முடிக்க வேண்டும். முடிக்காவிட்டால் சான்றிதழ் விடுமுறைக்குப் பிறகுதான், சிறப்புத் தகுதி அடியோடு போய்விடும், கல்லூரி இடமும் அதை நம்பித்தான் இருக்கிறது. அந்தப் பாடத்தில் சேர அவளும் நானும் கையெழுத்துப் போட்ட படிவம் திங்கள் காலை போய்ச் சேர வேண்டும். நான்கு நாளாக அது என் சட்டைப் பையிலேயே இருக்கிறது. நேற்று மணி அடித்தும் நிறுத்தத்தைத் தாண்டி பஸ்ஸை ஓட்டிவிட்டேன், ஒரு அம்மா கிழிகிழியென்று கிழித்தார். உன் அம்மா வேறு, என்னங்க பேயறைஞ்ச மாதிரி இருக்கீங்க என்கிறாள். பரீட்சையை நினைத்து எனக்குப் பயமில்லை, அவள் எழுதிவிடுவாள். பாத்துக்கிட்டேன்னு சொன்னீங்களேப்பா என்று அவள் ஒரு வார்த்தை கேட்டால் என்ன சொல்வேன்? அதனால்தான் படிவத்தை இன்னும் அவளிடம் காட்டவில்லை.

நீ அவளோடு பேசும்போது எனக்காகப் பரிந்து பேசாதே. உன் இருமல் மருந்தைப் பாதியில் நிறுத்தாதே. நீ நல்லா இருப்பாய், ஒரு குறையும் வராது உனக்கு.

இதை எழுதும்போதே அவள் வந்துவிட்டாள். படிவத்தையும் அலமாரித் தாளையும் எடுத்துக் கொடுத்துவிட்டேன். எதிர் நாற்காலியில் உட்கார்ந்து இரண்டையும் படித்து முடித்துவிட்டாள். கையெழுத்துப் போட என் பேனாவுக்குக் கை நீட்டுகிறாள். நிமிர்ந்து பார்க்கத் தைரியம் இல்லை, கொடுக்கிறேன்.

உன் அப்பா