முன்வாசல் புல்லுக்கு உரம்

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நாங்கள் இருவரும் சுகம். போனில் கேட்டால் "அப்புறம் பேசறேம்மா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் இந்தக் கடிதம்.

உன் மனைவிக்குத் திடீரென்று முன்வாசல் புல்தரைமேல் அக்கறை வந்துவிட்டது. இத்தனை வருஷம் அது சொட்டை விழுந்த தலை மாதிரி கிடந்தபோது ஏறெடுத்தும் பார்க்காதவள், இப்போது காய்கறித் தோலை ஒன்றுவிடாமல் பொறுக்கிக் காய்ந்த இலையோடு பின்பக்கத் தொட்டியில் மக்க வைக்கிறாள். நான் டீ வடிகட்டிய தூளைக்கூட விடுவதில்லை. போன வாரம் மக்கியதைச் சலித்து, இரும்புக் கம்பியால் தரையெங்கும் குத்தித் துளை போட்டு, மேலே மெல்லிசாகத் தூவினாள். நாற்றமடிக்கும் என்று மூக்கைப் பொத்திக்கொண்டு போனேன். ஈரமண் வாசனைதான் வந்தது. இவ்வளவு பொறுமை யாருக்காக என்று எனக்கு உறுத்தியது.

"யார் வரப்போறாங்க, இவ்ளோ அலங்காரம் பண்றே?" என்று கேட்டேன். "சும்மாதான் அத்தே" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல்.

செவ்வாய்க்கிழமை ஒருவர் வந்து கேட்டருகே நின்று வீட்டைப் படம் எடுத்தார். புல்லை மிதித்துப் பார்த்து, "முன்பக்கம் பச்சையா இருந்தாலே பாதி வேலை முடிஞ்சுதுங்க" என்றார். எனக்கு ஆளைத் தெரியும். எதிரே குடியிருந்த தையல்காரரின் வீட்டை அவர் பிள்ளைகளுக்காக விற்றுக் கொடுத்த தரகர். தையல்காரர் இப்போது எங்கே இருக்கிறார் என்று தெருவில் யாருக்கும் தெரியாது.

அவர் போனதும் நான் வாய்க்கு வந்தபடி பேசிவிட்டேன். "என்னைக் கிளப்பத்தான் இத்தனை பாடா?" என்றேன். அவள் வாளியைக் கீழே வைத்துவிட்டு அழுதாள். "நீங்கதானே விக்கணும்னு ஒத்தைக்கால்ல நிக்கிறீங்க? அம்மாவுக்குச் சின்னதா ஒரு வீடு போதுமாம், அவங்ககிட்ட எதுவும் கேக்காதே, மனசு நோகும்னு உங்க பிள்ளைதான் சொன்னார்."

போன மாதம் நீ என்னிடம் சொன்னதை அவளிடம் சொன்னேன். "அவளுக்கு அந்த வீடே பிடிக்கலைம்மா, நான் பாத்துக்கிறேன், நீ எதுவும் கேட்டுடாதே" என்று சொன்னாயே, அதைத்தான். அவள் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். ஒரே அடுப்படியில் நின்றுகொண்டு இத்தனை நாளும் ஒருத்தியை ஒருத்தி வேவு பார்த்திருக்கிறோம்.

தரகர் மறுபடி போன் செய்தபோது நான்தான் எடுத்தேன். வீடு இன்னும் என் பேரில்தான் இருக்கிறது, விற்பதாக இல்லை என்று சொல்லிவிட்டேன். மறுநாள் மிச்ச உரத்தை இருவருமாகத் தூவினோம். நான் கட்டியை உதிர்த்துக் கொடுத்தேன், அவள் சொட்டை இடங்களில் விதை போட்டுத் தண்ணீர் தெளித்தாள்.

கோபத்தில் எழுதவில்லையப்பா. பொய் சொல்லும் பிள்ளையாக நீ இருந்ததில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. அங்கே வேலை இருக்கிறதா? யாராவது உன்னை மிரட்டுகிறார்களா? வேளைக்குச் சாப்பிடுகிறாயா? எதுவானாலும் சொல். ஆனால் எனக்கொன்று அவளுக்கொன்று எழுதாதே. இருவருக்கும் சேர்த்து ஒரே கடிதமாக எழுது. அருகருகே உட்கார்ந்து படிப்போம்.

எந்தக் குறையும் உன்னை அண்டாமல் இருக்கட்டும்.

உன் அம்மா

பி.கு.: இதை அவளும் படித்துவிட்டாள். எதையும் அடிக்கச் சொல்லவில்லை. "சாப்பிடுகிறாயா" என்பதை மட்டும் அவள்தான் சேர்க்கச் சொன்னாள்.