கொடி இல்லை, ஏரியல்

இன்று காலை மொட்டைமாடிக்குப் போனால், என் ரேடியோ ஏரியலில் யாரோ ஈரப் போர்வையைக் காயப்போட்டிருந்தார்கள். பூப்போட்ட பெரிய போர்வை. சோப்பு வாசனையோடு ஓரத்திலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. இரண்டு கம்பத்துக்கு நடுவில் ஒரு கம்பி தெரிந்தால் அது துணி போடத்தான் என்று முடிவுகட்டிவிடுகிறது இந்தக் கேளம்பாக்கம் அடுக்கக ஜனம். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். சிரிப்புத்தான் பொத்துக்கொண்டு வந்தது. பைத்தியம் மாதிரி தனியாக நின்று கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். நீ இருந்திருந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருப்பாய்.

நீ இல்லை என்பது அப்புறம்தான் உறைத்தது.

சாயங்காலம் குடியிருப்போர் சங்கக் கூட்டம். என் ஏரியல் இருக்கலாமா, இறங்க வேண்டுமா என்று கை தூக்கி முடிவு செய்யப்போகிறார்களாம். கட்டடத்தின் அழகு கெடுகிறதாம். தண்ணீர்த் தொட்டிகளும் துருப்பிடித்த டிஷ்களும் வரிசைகட்டி நிற்கிற மாடியில் என் ஒற்றைக் கம்பியால் அழகு கெடுகிறது! வீறாப்பாகத்தான் பேசிக்கொண்டிருக்கிறேன், ஆனால் காலையிலிருந்து ஒரு வேலையும் ஓடவில்லை. அதனால்தான் உனக்கு எழுத உட்கார்ந்தேன்.

நாம் சந்தித்தது தொண்ணூறுகளின் நடுவில், சென்னையில், ஹாம் ரேடியோ உரிமத் தேர்வு எழுதப் போன இடத்தில். வீட்டிலேயே சின்னதாக ஒரு வானொலி நிலையம் வைத்து முகம் தெரியாதவர்களோடு பேசுவதற்கு அரசாங்கம் தருகிற உரிமம் அது. அறை முழுக்க ஆண்கள். நீ நேராக வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாய்.

"வூட்டுக்காரருக்குத் துணைக்கு வந்தீங்களான்னு வாசல்ல கேட்டாங்களா?"

"கேட்டாங்க."

"என்னையுந்தான். அவருதான்பா எனக்குத் துணைக்கு வந்துகினு கீறாரு, அதோ வேர்க்கடல துன்னுகினு ஒக்காந்துகினு கீறாரு பாருன்னு சொல்லிட்டேன்."

ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தேன். உன் கணவர் நிஜமாகவே வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தார்.

செங்கல்பட்டு பஜாருக்குப் பின்னால் ஒரு சந்தில், மாடிப் போர்ஷனில் நீங்கள் குடியிருந்தீர்கள். அவருக்குக் கயிறும் பைப்பும் பெயிண்டும் விற்கிற கடை. எனக்கு அப்போது கடற்கரையோர டவுன்ஷிப்பில் அலுவலக வேலை, குவார்ட்டர்ஸ் வாசம். ஞாயிற்றுக்கிழமை வந்தால் திருக்கழுக்குன்றம் வழியாக பஸ் பிடித்து உன்னிடம் வந்துவிடுவேன். கடையில் விற்கிற ஏரியல் வாங்க நமக்கு வசதியும் இல்லை, ஆசையும் இல்லை. வீட்டுக்கு இழுக்கிற மின்சார ஒயர், உங்கள் கடை நைலான் கயிறு, முனைக்கு பைப் துண்டு, நடுவில் கேபிள் வந்து சேருகிற இடத்துக்கு ஒரு பிளாஸ்டிக் சோப்பு டப்பா. அதுதான் நம் ஏரியல். என் குவார்ட்டர்ஸில் கட்டியது உப்புக்காற்றில் ஒரே மழைக்காலத்தில் பச்சை பூத்துவிட்டது. டப்பாவுக்குள் ஒரு சொட்டுகூடப் போகக் கூடாதென்று மெழுகை உருக்கி ஊற்றி அடைத்திருந்தேன். மழை நின்று திறந்தால் உள்ளே தண்ணீர் தளும்புகிறது. நீ கம்பியைச் சுட்டு டப்பாவின் அடியில் ஓட்டை போட்டாய். "இந்த ஊரு காத்துலயே தண்ணி கீதுடி. எப்பிடி அடைச்சாலும் வரும். போறதுக்கு வழி வெச்சிடு, போதும்" என்றாய்.

உன் மாடியில் சவுக்குக் கம்பம் நட்டு ஏரியலைத் தூக்கிய மறுநாளே, கீழே குடியிருந்த வீட்டு ஓனர் படியேறி வந்தார். டி.வி.யில் கோடு கோடாக வருகிறது, இடி வேறு இறங்கும், உடனே கழற்று என்றார். உன் டிரான்ஸ்மிட்டர் அப்போது பாதி சாலிடர் செய்த நிலையில் மேசைமேல் கிடந்தது. ஒரு தடவைகூட அதை ஆன் செய்யவில்லை என்று சொல்லிப் பார்த்தாய். "ஆன் பண்ணாமயே இப்பிடின்னா, பண்ணா இன்னா ஆவும்?" என்றார் அவர். கம்பம் இறங்கியது.

துணிக்கொடி மாதிரி கட்டிவிடலாம் என்பது என் யோசனை. மாடியில் கொடி கட்டினால் யார் கேட்கப்போகிறார்கள்? உனக்கு அது பிடிக்கவே இல்லை. "லைசன்ஸு வெச்சிகினு இன்னாத்துக்குடி திருட்டுத்தனம்?" என்று முனகினாய். டிரான்ஸ்மிட்டரை முடித்துவிட்டுச் சும்மா உட்கார முடியாமல்தான் ஒத்துக்கொண்டாய்.

ஏரியலின் நீளம் அலைக்குப் பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் நாம் அனுப்புகிற சக்தி வெளியே போகாமல் செட்டுக்கே திரும்பி வரும். எவ்வளவு திரும்புகிறது என்பதை ஒரு சின்ன மீட்டரின் முள் காட்டும். அதனால் முதலில் நீளமாகக் கட்டிவிட்டு, முள் இறங்குகிறவரை இரண்டு முனையிலும் கொஞ்சம் கொஞ்சமாக நறுக்கிக்கொண்டே வர வேண்டும். ஓனருக்குச் சந்தேகம் வரக் கூடாதென்று அன்று நாம் கம்பி நெடுக ஈரத்துணியைத் தொங்கவிட்டு, அதன் மறைவில் நின்று நறுக்கினோம். கைலி, பிள்ளைகளின் யூனிஃபார்ம், தலையணை உறைகள். முள் சமர்த்தாக இறங்கியது. அன்றைக்கே அஸ்ஸாமிலிருந்து ஒருவர் உனக்குப் பதில் சொன்னார். நீ என்னைக் கட்டிக்கொண்டு குதித்ததில் மேசைமேல் இருந்த டீ கொட்டியது.

மறுநாள் ஏரியல் செத்துவிட்டது. பற்றவைத்த இடங்களைப் பார்த்தோம், டப்பாவைத் திறந்தோம், கேபிளை மாற்றினோம். ஒரு நாள் வேலை செய்யும், ஒரு நாள் செய்யாது. நீதான் கடைசியில் கண்டுபிடித்தாய். துவைத்த நாளில் பேசுகிறது, துவைக்காத நாளில் ஊமை. ஈரத்துணியைச் சுமக்கிற கம்பி தன் அளவைவிட நீளமான கம்பியைப் போல நடந்துகொள்ளும். நாம் அதை மீட்டருக்குத்தான் நறுக்கியதாக நினைத்துக்கொண்டிருந்தோம், தலையணை உறைக்கும் சேர்த்து நறுக்கியிருக்கிறோம். துணி காய்ந்தால் கம்பி குட்டை! உலகத்தில் வேறு எந்த ஹாம் ரேடியோக்காரனாவது இந்தக் கூத்தைச் செய்திருப்பானா?

ஒட்டுப்போட்டு நீளமாக்கலாம்தான். ஆனால் ஓனர் அடிக்கடி மாடியேறி வேவு பார்க்க ஆரம்பித்திருந்தார். சாலிடரும் கையுமாகக் கொடியருகே நிற்க முடியாது. ஆகவே நீ துவைத்தாய். அழுக்கே ஆகாத துணியை எல்லாம் எடுத்துத் துவைத்தாய். நல்ல கோடை, கிணற்றில் வாளி தரை தட்டுகிற காலம். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் இருக்கும்போதே ஓனர் வந்து நின்றார்.

"இன்னாம்மா, தெனம் ஒரு மூட்ட தொவைக்கிற? தண்ணி இன்னா சும்மா ஊறுதா?"

பேசாதே என்று உன் கையைக் கிள்ளினேன். நீ உதறிவிட்டுப் போய், கொடியிலிருந்த துணிகளை ஒவ்வொன்றாக உருவித் தோளில் போட்டுக்கொண்டாய். வெறும் கம்பி மட்டும் நின்றது.

"இது கொடி இல்ல சார், ஏரியல். கவர்மெண்டு லைசன்ஸு குடுத்து கீது. இத்தினி நாளு நாந்தான் ஒளிச்சு வெச்சிகினு இருந்தேன். இனிமே ஒளிக்க மாட்டேன்."

"அப்போ இன்னிக்கே எறக்கு. இல்லன்னா வூட்டக் காலி பண்ணு."

"வூட்டக் காலி பண்றேன். இது எறங்காது."

உனக்கு இரண்டு பிள்ளைகள், எட்டி நடந்தால் பள்ளிக்கூடம், எட்டி நடந்தால் கடை. அத்தனையையும் ஒரு கம்பிக்காக உதறுவதா? மதியம் உன் கணவர் சாப்பிட வந்தார். ஒன்று விடாமல் சொன்னாய். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே, "பேஜாரு புடிச்ச பொம்பள" என்றார். ரெண்டு வாய் மென்றுவிட்டு, "வண்டிக்கு எப்போ சொல்றது?" என்று கேட்டார். அந்த மனிதரை நான் அன்றைக்குத்தான் சரியாகப் பார்த்தேன்.

ஏரிக்கரைப் பக்கம் ஒரு சின்ன வீட்டுக்குப் போனீர்கள். கடைக்குத் தூரம், கொசு வேறு பிடுங்கித் தின்றது. சாமான்களைப் பிரிப்பதற்கு முன்பே வாசலில் சவுக்குக் கம்பம் நட்டாய். வீடு பார்க்க வந்த உன் நாத்தனார் அண்ணாந்து பார்த்தார்.

"இத வெச்சிகினு இன்னா பண்ணுவ?"

"பேசுவேன்."

"யாராண்ட?"

"யாரு கெடைக்கிறாங்களோ அவங்களாண்ட."

"இன்னா பேசுவ?"

"ஒங்க ஊர்ல மழையான்னு கேப்பேன்."

"இதுக்கா வூட்ட மாத்துன?"

"ஆமா" என்றாய். அவ்வளவுதான். ஒரு நியாயமும் சொல்லவில்லை. புயல் வந்தால் உதவும், உயிரைக் காக்கும் என்று நானாக இருந்தால் அளந்திருப்பேன். அவர் போன பிறகு ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "ஒபயோகம் இன்னான்னு சொன்னாத்தான் வெச்சிக்கலாம்னா, அவங்கவங்க வூட்ல பாதி சாமானத் தூக்கிப் போடணும்டி. எனக்குப் புடிச்சி கீது. அது போதாதா?" என்றாய்.

சர்க்கரை வந்து, சிறுநீரகம் கெட்டு, நீ ஆஸ்பத்திரியில் கிடந்தபோது உன் குரல் பாதியாகிவிட்டிருந்தது. பார்க்க வந்தவர்கள் எல்லாம் உன்னிடம் தைரியமாக இரு என்றார்கள். உனக்கா தைரியம் சொல்வது? எனக்கு அவர்கள்மேல் எரிச்சலாக வந்தது. நீ என்னைக் கிட்டே கூப்பிட்டு, "பேண்டு தொறந்து கீதா?" என்று கேட்டாய். தொலைதூரக் குரல்கள் இப்போது கேட்கின்றனவா என்று அர்த்தம். நன்றாகத் திறந்திருக்கிறது என்றேன். கண்ணை மூடிக்கொண்டாய். உன்னை எடுத்துப்போன பிறகும் உன் கணவர் அந்தக் கம்பத்தில் யாரையும் கைவைக்க விடவில்லை.

கூட்டம் முடிந்து வந்து மிச்சத்தை எழுதுகிறேன்.

செயலாளர் நல்ல மனிதர். சாஃப்ட்வேர் கம்பெனி வேலை, அதிர்ந்து பேசமாட்டார். "எல்லார் கையிலயும் மொபைல் இருக்கே மேடம், இது எதுக்கு?" என்றார். எனக்குப் பிடித்திருக்கிறது என்றேன். யாரோ சிரித்தார்கள். பிறகு அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். மாடியில் துணிக்கொடி கட்ட விதியில் தடை இல்லையாம். "கொடின்னு எழுதிக்கலாம் மேடம். நாலு துணியப் போட்டு வைங்க, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க." எல்லோர் முகத்திலும் நிம்மதி. ஒன்றுமே செய்ய வேண்டாம், தலையாட்டினால் போதும், ஏரியல் பிழைத்துக்கொள்ளும். தலை ஆடப்பார்த்தது, உன்னிடம் மறைப்பானேன்.

"கொடி இல்லை. ஏரியல். அப்படியே எழுதிக்குங்க. இறக்க மாட்டேன்" என்றேன்.

கை தூக்கினார்கள். என் பக்கம் ஒரு கைகூட இல்லை. ஒரு வாரத்துக்குள் எடுக்க வேண்டுமாம். எடுக்க வேண்டுமென்றால் நீங்களே ஏறி எடுங்கள், மறுநாள் நான் கட்டுவேன் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். என்ன செய்வார்களோ, தெரியாது. செய்யட்டும்.

உன் கணவர் பிற்பாடு எனக்குக் கொடுத்தனுப்பிய உன்னுடைய மிச்ச ஒயர் எப்போதோ உப்புக்காற்றில் பொடிந்து போய்விட்டது. மாடியில் இருக்கிற கம்பியில் உன்னுடையது ஒரு விரல் நீளம்கூட இல்லை. உன்னுடையதாக என்னிடம் இருப்பது அந்த 'மாட்டேன்' ஒன்றுதான். நீ சொல்லும்போது உன் குரல் நடுங்காது. என் குரல் நடுங்கியது, எல்லோருக்கும் கேட்டிருக்கும். கேட்கட்டும். நடுங்கிக்கொண்டு சொன்னாலும் மாட்டேன் என்றால் மாட்டேன்தான்.