அம்மாவின் விமானத்துக்கு வாங்கிய பாகங்கள்

என் தங்க அம்மாவுக்கு,

நீ இருக்கிற இடத்தில் காலை என்று ஒன்று உண்டா? இங்கே இப்போது காலை. இன்று ஆயுத பூஜை. சுண்டலுக்குக் கடலை வெந்துகொண்டிருக்கிறது. உன் கை அளவுக்கு உப்பு போட்டேனா என்று தெரியவில்லை. மேஜை மேல் நம் கம்ப்யூட்டரின் மூடியைக் கழற்றி வைத்திருக்கிறேன். பக்கத்தில் பென்சில் எழுத்தை அழிக்கிற அழிப்பான் ஒன்று. அதைக் கையில் எடுக்கலாமா, வேண்டாமா என்று உன்னிடம் கேட்கத்தான் எழுத உட்கார்ந்தேன்.

பத்திரிகையில் வந்தால் உன்னோடு வேலை செய்த அக்காமார் இதைப் படிப்பார்கள். உன்னைத் தெரியாதவர்களும் படிப்பார்கள். அதனால் உனக்குத் தெரிந்த கதையையே கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்.

அப்போது கோலாலம்பூருக்கு இருந்த சுபாங் விமான நிலையத்தில் இருபத்திரண்டு வருஷம் நீ ப்ளேன் சுத்தம் செய்தாய். பயணிகள் எல்லாரும் இறங்க வேண்டும், எஞ்சின் சத்தம் அடங்க வேண்டும், அப்புறம்தான் உங்கள் ஆறு பேருக்கும் பின்பக்கப் படி. போர்வை மடிக்க வேண்டும், சீட் பெல்ட்டைக் குறுக்காகப் போட வேண்டும், சீட்டுப் பையில் யாரோ திணித்துவிட்டுப் போன ஆரஞ்சுத் தோலை எடுக்க வேண்டும். கண்ணாடி துடைப்பதில்தான் உனக்குத் தனிப் பெருமை. ஒரு விரல் தடம் இருந்தால்கூட மேற்பார்வையாளர் விடமாட்டாராம், அந்த ப்ளேன் கிளம்பாதாம். சிறு வயதில் அதை நான் அப்படியே நம்பினேன். உலகத்து ப்ளேன் எல்லாம் என் அம்மாவின் துணிக்காகக் காத்து நிற்பதாகப் பள்ளியில் சொல்லி அடியும் வாங்கினேன்.

ஆனால் நீ ஒரு நாளும் பறந்ததில்லை. பைலட் அறைக் கதவு திறந்திருக்கிற நாட்களில் வாசலில் நின்று எட்டிப் பார்ப்பாய், அவ்வளவுதான். முன் கண்ணாடி வழியாக என்ன தெரியும் என்று நான் கேட்டபோது நீ சொன்ன பதில் இன்னும் காதில் இருக்கிறது.

"என்ன தெரியும், சுவருதான். இருபது வருஷமா ஒரே சுவரு."

விமான நிலையம் சிப்பாங்குக்குப் போனது. நம் ஊர் கிள்ளானிலிருந்து அவ்வளவு தூரம் போய்வர உன் கால் இடம் கொடுக்கவில்லை. இனிப்பு நீர் வியாதி கண்ணையும் மங்கலாக்கிக்கொண்டிருந்தது. வேலையை விட்டாய். அந்த மாதம்தான் அக்கம்பக்கத்துப் பெண்களோடு நீ கட்டிவந்த கூட்டுச் சீட்டில் உன் முறை வந்தது. இரண்டாயிரம் வெள்ளி ரொக்கம். கப்பல் ஆபீசில் குமாஸ்தாவாக இருந்துகொண்டு மாலையில் கணக்குப் படிக்கிற எனக்குக் கம்ப்யூட்டர் வாங்கித் தரப் போவதாக ஊரெல்லாம் சொன்னாய். கோலாலம்பூரில் கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த அந்த மாடிக் கட்டடத்துக்கு, நல்ல சேலை கட்டிக்கொண்டு என்னோடு வந்தாய்.

அங்கே ஆ கியோங் என்ற சீன இளைஞனின் கடை வாசலில் நின்றுவிட்டாய். திரையில் ஒரு ப்ளேன் விளையாட்டு. பைலட் உட்கார்ந்து பார்க்கிற மாதிரி, முன் கண்ணாடி வழியாக ஓடுபாதையும் அதற்குப் பின்னால் வானமும். ஆ கியோங் உன் கையில் ஜாய்ஸ்டிக்கைக் கொடுத்தான். பத்து வினாடி பறந்து கடலில் விழுந்தாய். அந்தக் கடையில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தாய்.

கிள்ளானுக்குத் திரும்பும் பஸ்ஸில் பாதி வழி வந்தோம். அப்புறம் ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டாய்.

"பாப்பா, அந்த ப்ளேன் ஓடுற மாதிரி கம்ப்யூட்டர்னா, ரொம்ப கூடவா கேப்பான்?"

உனக்காக ஒன்று வேண்டும் என்று நீ சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. பிரிண்டர் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்த நான் அந்த நிமிஷமே அதைக் கைவிட்டேன். இதை உன்னிடம் நான் சொல்லவே இல்லை, இல்லையா?

அடுத்த மூன்று வாரம் நம் வீட்டு மேஜை மேல் விலைப் பட்டியல்தான். மலேசிய வெள்ளியின் மதிப்பு விழுந்திருந்த காலம், வாரத்துக்கு வாரம் புதுத் தாள் கொடுப்பார்கள். நான் ஒவ்வொரு பாகமாகப் படிப்பேன், நீ கீரை ஆய்ந்துகொண்டே ஒரே கேள்வியைக் கேட்பாய்: இது இல்லையென்றால் ப்ளேன் பறக்காதா? பறக்கும், கொஞ்சம் மெதுவாக என்றால் பென்சிலால் அடித்துவிடச் சொல்வாய். அப்படித்தான் பெயர் பெற்ற ப்ராசசர் போய், பாதி விலைக்கு வேறொன்று வந்தது. பளபளப்பான கேசிங் பெட்டி போய், மூலையில் நசுங்கிய கேசிங் வந்தது. கிராபிக்ஸ் கார்டு இல்லாவிட்டால் மேகம் எல்லாம் கட்டம் கட்டமாகத் தெரியும் என்றேன். கீரை ஆய்வதை நிறுத்தினாய். மேகம் கட்டமாக இருந்தால் அது என்ன மேகம் என்று சொல்லி, பிரிக்பீல்ட்ஸில் ஒருவர் பழையதாக விற்ற கார்டை வாங்கச் சம்மதித்தாய். உன் கண்ணுக்காகப் பெரிய மானிட்டர் வேண்டும் என்றேன் நான். சின்னது போதும், கிட்ட உட்கார்ந்து பார்த்துக்கொள்கிறேன் என்றாய் நீ. அதில் மட்டும் நான் ஜெயித்தேன்.

ஸ்பீக்கரையும் பென்சிலால் அடித்துவிடப் போனேன் நான். சத்தம் இல்லாமலும் பறக்கும், காதில் மாட்டுகிற சின்னது போதும் என்றேன். பென்சிலை என் கையிலிருந்து பிடுங்கினாய்.

"சத்தம் வேணும்லா. நான் ஏறுன ப்ளேன் எல்லாம் சத்தம் நின்ன ப்ளேனு."

பட்டியலிலேயே நல்ல ஸ்பீக்கர் அதனால்தான் நமக்கு வந்தது.

பாகங்களைக் கடையிலேயே பொருத்திப் பூட்டிக் கொடுக்கிறேன் என்றான் ஆ கியோங். நீ ஒத்துக்கொள்ளவில்லை. ஹார்ட் டிஸ்க்கில் அந்த விளையாட்டை மட்டும் அவனிடம் ஏற்றி வாங்கிக்கொண்டோம். ஆயுத பூஜைக்கு இரண்டு நாள்தான் இருந்தது. விமான நிலையத்தில் உங்கள் பிரிவில் தூசி உறிஞ்சுகிற மெஷினுக்கும் தள்ளுவண்டிக்கும்கூட அன்று பொட்டு வைப்பீர்கள். பூட்டி மூடின பிறகு உள்ளே இருக்கிறதுக்கெல்லாம் யார் பொட்டு வைப்பது என்பது உன் நியாயம். நீங்களே பூட்டினால் நான் பொறுப்பில்லை என்று அவன் சொன்னான். சொல்லத்தான் செய்தான், அம்மா. பழியை அவன் மேல் போட்டது நான்.

சரஸ்வதி படத்துக்கு முன்னால் வாழை இலை விரித்து, பாகங்களை வரிசையாக வைத்தோம். நீ குளித்துவிட்டு வந்து ஒவ்வொன்றுக்கும் சந்தனம் தொட்டு, நடுவில் குங்குமம் வைத்தாய். நான் அடுப்படியில் பொரி கலந்துகொண்டிருந்தேன். சூடம் காட்டி, நல்ல நேரத்தில், புத்தகத்தைப் பார்த்துப் பார்த்துப் பூட்டினேன். சுவிட்சைத் தட்டியதும் விசிறி சுற்றியது. நீ கைதட்டினாய். அப்புறம் மூன்று நீள 'பீப்'. திரை கறுப்பு. எத்தனை தடவை போட்டாலும் அதே மூன்று 'பீப்'.

மறுநாள் ஆ கியோங்குக்குப் போன் செய்து, பழைய சாமானைத் தலையில் கட்டிவிட்டாய் என்று சத்தம் போட்டேன். தூக்கிக்கொண்டு வா, பார்க்கிறேன் என்றான். நீங்கள்தானே பூட்டினீர்கள் என்றும் ஒரு வார்த்தை சேர்த்தான். அதுதான் எனக்குச் சுருக்கென்றது. செத்தாலும் அந்தக் கடைப் படி ஏறமாட்டேன் என்று போனை வைத்தேன்.

நீ தினமும் சொன்னாய். "அவன் நல்லவன்லா. எடுத்துட்டுப் போ பாப்பா." நாளைக்கு, நாளைக்கு என்றேன். வீம்பு. அவனே போன் செய்து மன்னிப்புக் கேட்கட்டும் என்று பத்து நாள் காத்திருந்தேன். கம்ப்யூட்டர் மேல் தூசி விழாமல் உன் பழைய வேலைத் துணியைப் போர்த்தி வைத்தாய். ஒரு தரம் அந்தக் கறுப்புத் திரைக்கு முன்னால் நீ நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். ஜாய்ஸ்டிக் உன் மடியில் இருந்தது. நான் வந்ததைப் பார்த்ததும் எழுந்துவிட்டாய்.

பதினோராம் நாள் பகல், துணி மடித்துக்கொண்டிருந்தபோது நெஞ்சு அடைக்கிறது என்றாய். ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும்கூட நீ வரவில்லை.

ஒரு வருஷம் அந்தத் துணியை நான் விலக்கவில்லை. போன சனிக்கிழமைதான், பாகங்களையாவது விற்றுவிடலாம் என்று, செத்தாலும் ஏறமாட்டேன் என்ற அந்தப் படியை ஏறினேன். கேசிங்கைத் தூக்கிக்கொண்டு வந்த என்னைப் பார்த்ததும் ஆ கியோங் முதலில் கேட்டது உன்னைத்தான். ஆன்டி வரலையா என்றான். சொன்னேன். மேஜையில் கிடந்த திருகாணிகளை ஒதுக்கி இடம் செய்தான்.

பிறகு மூடியைத் திறந்தான். பார்க்க வேண்டுமே, அம்மா! விசிறி மேல் ஒரு பொட்டு, கிராபிக்ஸ் கார்டு மேல் ஒரு பொட்டு, கேசிங்கின் உள் சுவரில் ஒரு பொட்டு. அவன் மெமரியைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தான். விரல் நீளத்துக்கு ஒரு பச்சைத் தகடு, அதன் ஓரத்தில் சீப்புப் பல் மாதிரி வரிசையாகத் தங்க நிறக் கோடுகள். மதர்போர்டில் பதிந்து மின்சாரம் பேச வேண்டிய இடம் அதுதான். அதன் மேல் காய்ந்த சந்தனம். மற்றதெல்லாம் பச்சையாக இருக்க, தங்கமாக மின்னியதைத்தான் நெற்றி என்று நினைத்துவிட்டாயா?

முகர்ந்து பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது. பேனா டப்பாவிலிருந்து அழிப்பானை எடுத்தான். இந்த மாதிரி அழுக்குக்கு அவர்கள் கடையில் அதுதான் வைத்தியமாம். நாலு தேய்ப்பு, ஒரு நிமிஷ வேலை என்றான். ஒரு நிமிஷம், அம்மா. நான் பத்து நாள் வீம்பு பிடித்தது இந்த ஒரு நிமிஷத்துக்கு.

அவன் தேய்க்கப் போகும்போது அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். சந்தனத்தில் உன் விரல் ரேகை தெரிந்தது. காய் நறுக்கும்போது வெட்டிக்கொண்டாயே, அந்தத் தழும்புகூடக் குறுக்கே ஓடியது. உன் புகைப்படம் நாலு இருக்கிறது. உன் விரல் இது ஒன்றுதான்.

ஆ கியோங் அழிப்பானைக் கீழே வைத்தான். வேறு மெமரி ஒன்றை எடுத்து நீட்டினான், காசு வேண்டாம், இதைப் போட்டுக்கொள், அதைப் பத்திரமாக வை என்றான். போன வருஷம் நான் அவனைப் பேசிய பேச்சுக்கு மன்னிப்புக் கேட்டேன். உன் அம்மாவுக்கு நான் ப்ளேன் விற்றேன், அது பறக்கவில்லை, எனக்கும் வருத்தம்தான் என்றான். பாகங்களை விற்க மனம் வரவில்லை. அந்த மெமரியையும் வாங்கிக்கொண்டேன், அழிப்பானையும் கேட்டு வாங்கிக்கொண்டேன், எல்லாவற்றையும் பஸ்ஸில் திரும்பத் தூக்கி வந்தேன்.

இப்போது இரண்டு மெமரியும் என் முன்னால் இருக்கின்றன. கடலை வெந்துவிட்டது. நீ என்ன செய்வாய், அம்மா?

*

சாயங்காலம் இதைத் தொடர்கிறேன்.

மானிட்டர் மேல் திரும்பப் போர்த்தி வைத்திருந்த உன் துணியை விலக்கியபோதுதான் பதில் கிடைத்தது. அந்தத் துணியால் எத்தனை நாட்டு மனிதர்களின் விரல்களைத் துடைத்திருப்பாய். விரல் தடம் இருந்தால் ப்ளேன் கிளம்பாது என்று சொன்னவள் நீ. உன் தடத்தாலேயே உன் ப்ளேன் நிற்கிறது என்று தெரிந்தால் வெட்கப்பட்டுப் போவாய். காசு கொடுத்து வாங்கியதை விட்டுவிட்டு வேறொன்றைப் போடுவதும் உனக்குப் பிடிக்காது. ஆ கியோங்கின் மெமரியை அவனிடமே திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

வெள்ளைத் தாள் ஒன்றைக் கீழே விரித்து, நாலே நாலு தேய்ப்பு. அழுதுகொண்டேதான் தேய்த்தேன், அதை ஏன் மறைக்க வேண்டும்? தாளில் உதிர்ந்த சந்தனத் தூளில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுக் குழைத்து, என் நெற்றியில் வைத்துக்கொண்டேன். மற்ற பொட்டுகளை அப்படியே விட்டுவிட்டேன்.

'பீப்' இல்லை. திரை வெளுத்தது. இப்போது சுபாங்கிலிருந்து பெரிய ப்ளேன் ஒன்றும் கிளம்புவதில்லை, ஆனால் அந்த விளையாட்டுக்கு அது தெரியாது. கோலாலம்பூர் என்று தேடினேன், சுபாங்தான் வந்தது. முன் கண்ணாடியில் சுவர் இல்லை, அம்மா. நேராக ஓடுபாதை, அப்புறம் வானம், கட்டம் கட்டமாக இல்லாத மேகம். ஸ்பீக்கரைக் கடைசி வரை திருப்பினேன். எஞ்சின் உறுமியதில் அடுத்த வீட்டு ஆன்டி நடைபாதைக்கு ஓடிவந்து மேலே பார்த்தார்.

நம் வீடு இருக்க வேண்டிய இடத்தின் மேல் பறந்தேன். வெறும் பச்சைதான் இருந்தது. ஆற்றைத் தேடினேன், கடலோரத்துக் கேரி தீவைத் தேடினேன். பச்சை முடிந்து நீலம் வந்தது. அதற்கு மேல் தேடத் தோன்றவில்லை, சும்மா மிதந்துகொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. கடைசியில் இறக்கத் தெரியாமல் கடலில் விழுந்தேன். உன்னைப் போலவே சிரித்தேன், பாதியில் அது வேறு மாதிரி ஆகிவிட்டது.

இறக்கக் கற்றுக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமை தோறும் உட்கார்ந்து பழகுவேன். என் நாற்காலிக்குப் பக்கத்தில் உன் நாற்காலியைப் போட்டு, உன் துணியை அதன் மேல் மடித்து வைத்திருக்கிறேன். ஒன்று மட்டும் வாக்குக் கொடுக்கிறேன். இருபத்திரண்டு வருஷம் எல்லாரும் இறங்கின பிறகுதான் நீ ஏறினாய். இனி நீ ஏறி உட்கார்ந்த பிறகுதான் நான் எஞ்சினைக் கிளப்புவேன்.

நெற்றியில் உன் சந்தனத்தோடு,
உன் மகள், பாப்பா
கிள்ளான்