ஒன்பது ஆண்டுகள் காத்திருந்த ஆல்பம்

மார்ச் 8, வெள்ளி
என் நண்பன் யோர்க் இசையமைத்த புது ஆல்பம் தபாலில் வந்தது. போன ஆல்பம் ஒன்பது வருஷத்துக்கு முன், எனக்கு விவாகரத்தான குளிர்காலத்தில் வந்தது. அந்த எலக்ட்ரானிக் இருட்டுக்குள் உட்கார்ந்துதான் மீண்டேன். ஜெர்மனியின் இந்த லைப்சிக் நகரில், கறுப்பு உடுத்தி இருட்டு இசையே கதியென்று திரியும் எங்கள் கூட்டத்தில் எல்லோருக்கும் அவன் இசையோடு இப்படி ஒரு கதை உண்டு.

வேலை முடிந்ததும் போனை அணைத்துவிட்டுக் கேட்டேன்.

மார்ச் 9
என்மேல்தான் தப்போ என்று ஹெட்போனிலும் கேட்டேன். இல்லை, சப்பென்றுதான் இருக்கிறது. தாளம் இடிக்கிறது, இரைச்சல் இருக்கிறது, உள்ளே ஆள் இல்லை. பழைய யோர்க்கைப் போல யாரோ வேஷம் கட்டியது மாதிரி. சரி, அதற்கு நான் ஏன் அழுகிறேன்?

மார்ச் 10
யோர்க் கூப்பிட்டான். "கேட்டியா? எப்படி இருக்கு?"

"அருமைடா."

இத்தனை வருஷ நட்பில் அவனிடம் சொன்ன முதல் பொய்.

மார்ச் 16, சனி
கிளப்பில் பாட்டுப் போடுகிறவள் நான்தான். அவனுடைய புதுப் பாட்டைப் போட்டேன். ஆடிக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக பீர் வாங்க நகர்ந்தார்கள். பதறிப்போய்ப் பாதியிலேயே வேறு பாட்டுக்கு மாற்றினேன். அப்புறம்தான் பார்த்தேன், தூணோரம் யோர்க்.

படுபாவி நான். முழுசா ஓட விட்டிருக்கக் கூடாதா?

மார்ச் 17
மத்தியானம் வந்தான். கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"எப்பவும் திட்டுற நீ திட்டலேன்னதுமே பயந்துட்டேன். எனக்கு என்ன, சாகக் கெடக்குற வியாதியா, இப்படிப் பாத்துப் பாத்துப் பேச? மத்தவனுங்க எல்லாம் 'தைரியமான முயற்சி'ன்னுட்டானுங்க. உன்ன நம்பித்தானே கேட்டேன், ரமோனா?"

சொல்லிவிட்டேன். "பழைய ரசிகருங்க ஓடிடுவாங்களோன்னு பயந்து பண்ணியிருக்கே. இதுல நீயே இல்லடா."

வெட்டி வைத்த கேக்கைத் தொடாமலே போய்விட்டான்.

மார்ச் 24
அவனிடமிருந்து போன் இல்லை.

ஏப்ரல் 14
இன்னும் இல்லை. நான் இரண்டு தடவை கூப்பிட்டும் எடுக்கவில்லை. பொய்யையே சொல்லித் தொலைத்திருக்கலாமோ? ஆல்பம் போனது போகட்டும். எனக்கு அவன் வேண்டும்.

மே 4, சனி
காலையில் யோர்க் ஒரு புதுப் பாட்டு அனுப்பியிருந்தான். வேறு ஒரு வார்த்தை இல்லை. கேட்டேன். ஆரம்பம் என்னை என்னவோ செய்தது. அப்புறம் சொதப்பல். ஆனாலும் உள்ளதையே எழுதினேன்: "நாலாவது நிமிஷத்துலேர்ந்து குப்பை."

"நாசமாப் போ" என்று பதில் வந்தது.

கொஞ்ச நேரத்தில் அழைப்பு மணி. ரொட்டிப் பையோடு வாசலில் நிற்கிறான்.

"நாலுலேர்ந்தா, அஞ்சுலேர்ந்தா? சரியாச் சொல்லு."