நேரான கையெழுத்து

சிட்லபாக்கம்
9.6.2025

அன்புத் தங்கச்சி நூர் பீவிக்கு,

நேற்று சாயந்திரம் எங்கள் வீட்டு ஜெபத்தில் இருந்தவர்கள்: என் வீட்டுக்காரர் லாசரஸ், மகன் ஜாய்சன், மருமகள் ஜெரூஷா, சபையிலிருந்து ரத்தினபாய் அக்காவும் அவர் வீட்டுக்காரர் சின்னப்பனும், மாடியில் குடியிருக்கும் தனக்கோடி, நான். மொத்தம் ஏழு பேர். எண்ணாமல் எழுதினால் எனக்கு எழுதின மாதிரியே இருக்காது. ரேடியேஷனுக்கு நாம் காத்திருந்த இருபத்தைந்து நாளும் யார் எத்தனையாவது ஆளாக உள்ளே போனார்கள் என்று நோட்டில் எழுதினவள்தானே நான்!

ஜெபம் முடிகிற நேரத்தில் ரத்தினபாய் அக்கா, "ஞானம், எழுந்து சாட்சி சொல்லு" என்றார். மார்பில் கேன்சர் வந்தது, ஆபரேஷன், ரேடியேஷன் எல்லாம் சொல்லி, கர்த்தர் என்னைப் பூரணமாய்ச் சுகமாக்கினார் என்று முடித்தேன். எல்லாரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். தனக்கோடி மட்டும், சூதுவாது தெரியாதவள், "சொகமாயிட்டல்லக்கா, அப்பறம் இன்னாத்துக்கு தெனம் மாத்திரை போடுற?" என்று கேட்டுவிட்டாள்.

ஜெரூஷா பதில் சொன்னாள். "திரும்ப வராம இருக்க, ஹார்மோனை அடைக்கிற மாத்திரை ஆன்ட்டி, அஞ்சு வருஷம் போடணும்." அதோடு டீ குடித்துவிட்டுப் போய்விட்டார்கள். எனக்குத்தான் அந்தக் கேள்வி மனதை விட்டுப் போகவில்லை.

நூர், உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது? பத்து மாதமாக இந்த மஞ்சள் மாத்திரை என்னை நூறு வயதுக் கிழவியாக்கிவிட்டது. காலையில் விரல் மடங்க முக்கால் மணி நேரம் ஆகிறது. மாவுக் கரண்டி கை நழுவுகிறது. வேதப் புத்தகத்தின் தாளைப் புரட்ட உள்ளங்கையால் தள்ளுகிறேன். கோவிலில் எல்லாரும் முழங்கால் போடும்போது நான் மட்டும் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். நேற்று மட்டும் பதினொரு முறை கழுத்திலிருந்து தலைவரை தீப்பிடித்த மாதிரி சூடு ஏறி, வேர்த்துக் கொட்டி, பிறகு குளிர். என்னால் முடியவில்லை, நூர்.

சாட்சி சொன்ன வாயால் மாத்திரை விழுங்குவது அவிசுவாசம் அல்லவா? இன்றிலிருந்து நிறுத்தியிருக்கிறேன். வீட்டில் யாருக்கும் தெரியாது.

உன் அக்கா,
ஞானசௌந்தரி


நாவலூர்
18.6.2025

கணக்குப்பிள்ள அக்காவுக்கு நூரோட சலாம்.

எழுத்து கோணலா இருக்குன்னு திட்டாதீங்க. நானும் அதே மாத்திரைதானே போடுறேன், பேனா பிடிச்சா கட்ட விரல் செத்துப்போவுது. போன்ல பேசலாம்னா போன் மவன் கையில. அவன் முன்னாடி இந்த ஒடம்பு சமாச்சாரம் எல்லாம் பேச முடியுமா?

இங்க பதினோராவது மாடி, காத்து பிச்சிக்கினு போவுது, ஆனா எனக்கு மட்டும் வேர்க்குது. நான் ஏசிய பதினெட்டுல வெப்பேன், மொஹ்சின் வந்து இருபத்தேழுல வெப்பான். "ம்மா, புள்ளைக்கு சளி புடிக்குதும்மா"ன்னுவான். பேத்தி இஃப்ரா போர்வைய போத்திக்கினு "நன்னி, இது வீடா, ஐஸ் ஃபேக்டரியா"ன்னு கேக்குறா. முந்தாநாள் மருமவ உப்பு கம்மியா போட்டுட்டான்னு கத்திட்டேன். அப்புறம் பாத்ரூம்ல போய் அழுதேன். உப்புக்கு யாராச்சும் அழுவாங்களா அக்கா? தொழுவறப்போ சஜ்தாவுல நெத்திய தரையில வெச்சா, எழுந்திரிக்க செவுத்த புடிக்க வேண்டியிருக்கு.

நீங்க மாத்திரைய விட்டது சரியா தப்பான்னு சொல்ல நான் யாரு? டாக்டரம்மாவக் கேட்டீங்களா? இல்லன்னு தெரியும். ஒண்ணு மட்டும் செய்யுங்க. விட்டப்புறம் வலி எப்படி இருக்குன்னு ஒங்க பாணியில கணக்கு எழுதி அனுப்புங்க. வேற யாரு சொன்னாலும் நம்ப மாட்டேன், ஒங்க நோட்ட நம்புவேன்.

நூர் பீவி


சிட்லபாக்கம்
12.7.2025

அன்புத் தங்கச்சி நூருக்கு,

கர்த்தருக்கு ஸ்தோத்திரம். கேட்டாயே, இதோ கணக்கு. மாத்திரை விட்டு இன்றோடு முப்பத்து நான்கு நாள்.

சூடு ஏறுவது: முன்பு ஒரு நாளைக்கு பதினொன்று, நேற்று இரண்டு.
விரல் மடங்க: முன்பு நாற்பத்தைந்து நிமிஷம், இப்போது எட்டு.
தூக்கம்: முன்பு மூன்று மணி நேரம், இப்போது ஆறு.
கோவிலில் முழங்கால்: போன ஞாயிறு ஜெபம் முடியும் வரை நின்றேன்.

நேற்று நானே சப்பாத்தி மாவு பிசைந்தேன். ஜெரூஷா பார்த்துவிட்டு, "அத்தை, என்ன இப்படி கலக்குறீங்க" என்றாள். கர்த்தர் செய்கிறார் என்றேன். ரத்தினபாய் அக்கா கோவிலில் பெண்கள் கூட்டத்திலும் சாட்சி சொல்லச் சொன்னார். எழுபது பேர் முன்னால் சொன்னேன். மாத்திரை விஷயம் மட்டும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று தெரியவில்லை.

உன் சஜ்தாவுக்காகவும் ஜெபிக்கிறேன்.

ஞானசௌந்தரி


நாவலூர்
9.8.2025

என் உயிரான அக்காவுக்கு,

அல்ஹம்துலில்லாஹ்! ஒங்க கணக்கு வந்த அன்னிக்கே நானும் மாத்திரைய விட்டுட்டேன். இருபத்தஞ்சு நாளாச்சு. மொதல் வாரம் ஒண்ணும் தெரியல. இப்ப பாருங்க, எழுத்து எவ்ளோ நேரா வருது! செவுத்த புடிக்காம சஜ்தாவுலேர்ந்து எழுந்திரிக்கிறேன். மருமவ மேல கத்தி ஒரு வாரமாச்சு. அதுக்கு அவதான் ஒங்களுக்கு நன்றி சொல்லணும். ஆனா அவளுக்குத் தெரியாது, மொஹ்சினுக்கும் தெரியாது. தெனம் காலையில ஒரு மாத்திரைய பிச்சி சிங்க்குல போட்டுடறேன், அட்டை சரியா காலியாவணுமில்ல.

ஒங்க கணக்க நாலா மடிச்சி பர்ஸுல வெச்சிருக்கேன். சந்தேகம் வந்தா எடுத்துப் பாப்பேன்.

பதிமூணாம் தேதி தங்கச்சி மவ கல்யாணத்துக்கு காயல்பட்டினம் போறேன். இருபத்து நாலு வந்துடுவேன். இந்த கால வெச்சிக்கினு அவ்ளோ தூரம் ரயில்ல போவேன்னு நெனச்சே பாக்கல. எல்லாம் ஒங்களாலதான்.

நூர்


சிட்லபாக்கம்
18.8.2025

நூருக்கு,

உன் கடிதத்தைப் பிரித்ததும் முதலில் கண்ணில் பட்டது உன் கையெழுத்துதான். கோடு போட்ட மாதிரி நேராக இருந்தது. உடனே என் பழைய நோட்டை எடுத்துப் புரட்டினேன்.

எனக்கு முதல் ஸ்டேஜ். நிணநீர்க் கணுவில் நோய் இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். உனக்கு மூன்றாவது. அக்குளில் ஆறு கணுக்களில் இருந்தது. ரேடியேஷன் பெஞ்சில் உன் ஃபைலை வாங்கிப் படித்துச் சொன்னவளே நான்தான். அதெல்லாம் என் நோட்டில் இருக்கிறது. கணக்கை அனுப்பும்போது அந்தப் பக்கத்தை நான் திருப்பிப் பார்க்கவில்லை.

வியாழக்கிழமை டாக்டர் அபிகாயிலிடம் போனேன். கூட இவரையும் அழைத்துப் போனேன். இவருக்கும் அங்கேதான் முதல்முதலாகத் தெரிந்தது. டாக்டர் திட்டவில்லை. நோட்டை வாங்கிப் பார்த்தார். "நல்லா எழுதியிருக்கீங்கம்மா. கட்டி மொதல்ல வந்தப்போ எவ்வளவு வலின்னு இதுல போடலையே?" என்றார்.

வலிக்கவே இல்லையே, டாக்டர், குளிக்கும்போது கையில் பட்டது, அவ்வளவுதான் என்றேன். சொல்லி முடிப்பதற்குள் எனக்கே புரிந்துவிட்டது. வலிக்கிறதை மட்டும் எண்ணியிருக்கிறேன், நூர். வலிக்காமல் உள்ளே வளருகிறதற்கு என் நோட்டில் இடமே விடவில்லை.

வெளியே வந்து இவரோடு ஆட்டோ ஏறினேன். பிறகு, "எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?" என்றார். அவ்வளவுதான் கேட்டார். சேலையூர் வரைக்கும் என் கையை விடவில்லை.

ஜெபத்தில் நேற்று அதே ஏழு பேர். நானே எழுந்து நின்றேன். அறுபத்தாறு நாள் மாத்திரை போடவில்லை, அதை மறைத்து சாட்சி சொன்னேன், இப்போது திரும்பவும் போட ஆரம்பித்துவிட்டேன் என்றேன். விசுவாசத்தால் விட்டேன் என்று என்னையே ஏமாற்றிக்கொண்டேன். விசுவாசம் இல்லை. களைத்துப்போய்த்தான் மாத்திரையை விட்டேன். சின்னப்பன் அண்ணன் தலை குனிந்துகொண்டார். ரத்தினபாய் அக்கா என் விரல்களைப் பிடித்து ஒவ்வொன்றாக நீவிவிட்டார். தனக்கோடிதான் தேம்பித் தேம்பி அழுதாள். "நான் கேட்டதாலயாக்கா?" என்றாள். இல்லை கண்ணு, நீ சரியான கேள்விதான் கேட்டாய், நான்தான் தப்பான பதில் எழுதிக்கொண்டேன் என்றேன்.

மாத்திரை மறுபடி ஆரம்பித்து இன்று ஐந்தாம் நாள். சூடு இன்னும் மூன்றுதான். ஏறும் என்று தெரியும். டாக்டர் சில வழிகள் சொல்லியிருக்கிறார்: ரத்தத்தில் விட்டமின் டி பார்க்க வேண்டும், எலும்புக்குத் தனி மாத்திரை, தினம் அரை மணி நடை. அப்படியும் தாங்கவில்லை என்றால் இதே வேலையைச் செய்யும் வேறு மாத்திரைக்கு மாற்றலாமாம். ஒன்று ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இன்னொன்று ஒத்துக்கொள்வது உண்டாம். விட்டுவிடுவதும் சகிப்பதும் மட்டும்தான் வழி என்று நாம் இரண்டு பேரும் நினைத்துக்கொண்டிருந்தோம். யாரையும் கேட்கவில்லை.

மொஹ்சினுக்குப் போன் செய்தேன். அம்மா ஊரில் நன்றாக இருக்கிறார்கள் என்று சந்தோஷமாகச் சொன்னான். கல்யாண வீட்டு நம்பரும் கொடுத்தான். கூப்பிடவில்லை. பத்து பேர் நடுவில் போனைக் கொடுத்தால் நீ "சரிக்கா, சரிக்கா" என்று வைத்துவிடுவாய். அதனால் நீ வந்திறங்கியதும் கையில் கிடைக்கும்படி இதை எழுதுகிறேன்.

பர்ஸில் இருக்கும் அந்தத் தாளைக் கிழித்துப் போடு. கணக்கு தப்பு. என் வாழ்நாளில் தப்பாய்ப் போன கணக்கு இது ஒன்றுதான் என்று சொல்ல ஆசை, ஆனால் இதற்குமேல் பொய் வேண்டாம்.

இருபத்தெட்டாம் தேதி வியாழன் காலை பத்து மணிக்கு டாக்டர் அபிகாயிலிடம் இரண்டு பேர் பெயரையும் கொடுத்திருக்கிறேன். அதே பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். செவ்வாய்க்குள் உன்னிடமிருந்து ஒரு வரியோ போனோ வராவிட்டால் புதன் காலை நாவலூர் வந்து, பதினோராவது மாடி ஏறி, மொஹ்சினிடம் நானே எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன். அதற்குப் பிறகு நீ என்னோடு பேசாமல் போனாலும் போ.

நீ மறுபடி கோணலாக எழுது, நூர். நான் படித்துக்கொள்வேன். மாத்திரையைப் போட்டாயா இல்லையா என்று மட்டும் சீக்கிரம் பதில் எழுது.

ஞானசௌந்தரி